இரண்டு பெயர் வேண்டாம்

செப்டம்பர் 14, ஞாயிறு

பதினோராம் மதகு. தண்ணீர் இல்லை. மேட்டூர் திறந்து மூன்று மாதம் ஆகிறது.

ஆய்வு எதைப் பற்றி என்று யாராவது கேட்டால், கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வருகிறது என்பதைப் பற்றி என்று சொல்வேன். பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருக்கும் தலைப்பு மூன்று வரி. அர்த்தம் இதுதான்.

மதகைத் திறக்க வேண்டிய லஸ்கர் வீரையன் ஃபோனை எடுக்கவில்லை. வெயில். வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு சின்ன சர்ச். உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நிழலுக்காக. நிழலுக்காகத்தான் போனேன் என்று எழுதி வைக்கிறேன். பின்னால் வேறு மாதிரி நினைவு வந்துவிடக் கூடாது.

பாட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டு வந்தவர் வீரையன். சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. “வீரையண்ணே” என்றேன். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். முன் பெஞ்சுப் பெண்தான் திரும்பினாள்.

“யாரத் தேடுறீங்க? அவரு இம்மானுவேல் அண்ணன்.”

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் செருப்பைத் தேடுகிற பாவனையில் என் பக்கத்தில் குனிந்தார். “இங்க அந்தப் பேரச் சொல்லாத தங்கச்சி. அங்க இந்தப் பேரச் சொல்லாத.”

“மதகு?”

“நாளைக்குத் தொறக்குறேன். போ.”

செப்டம்பர் 15, திங்கள்

திறந்தார். தண்ணீர் மட்டம் பதினேழு சென்டிமீட்டர்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று மதகில் வேலை இல்லை. இருந்தும் போனேன். கீழ்வேளூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடிப் பக்கத்து அந்த ஊருக்கு நாற்பது கிலோமீட்டர். ஸ்கூட்டியில். வீட்டில் “ஃபீல்டு” என்றேன்.

ஆராதனையின் நடுவில் பாவ அறிக்கை என்று ஒன்று வருகிறது. எல்லோரும் மண்டியிட்டு, ஒரே குரலில், தப்பு செய்தேன் என்கிறார்கள். யாரையும் கைகாட்டவில்லை. போதகரும் நம்மைப் பார்க்காமல் பீடத்தைப் பார்த்துத் திரும்பி மண்டியிடுகிறார். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

எங்கள் வீட்டில் தப்பு என்பது எப்போதும் வேறு யாரோ செய்தது. பண்ணை. போலீஸ். கோயில். சாதி. அதில் ஒன்றும் பொய்யில்லை. தாத்தாவுக்குச் செய்யப்பட்டவற்றைக் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்தேன். ஆனால் அந்தக் கணக்கில் எனக்கென்று ஒரு பக்கம் கிடையாது. நான் செய்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எதைச் செய்தேன் என்று இன்று எழுத மாட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

தஞ்சாவூர். ஹாஸ்டல் அறை.

சுமையாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாக ஒரே அறை. அவள் தாவரவியல், முத்துப்பேட்டைக்காரி, ஐந்து வேளையும் தொழுகிறவள். என் அலமாரியை மறைக்காமல் தொழுகை விரிப்பைப் போட எப்போதோ பழகிவிட்டாள்.

“ஒங்கப்பா கறுப்புச் சட்ட. நீ சர்ச்சு. நான் இப்படி. இந்த ரூம்ல ஒரு மாநாடே நடத்தலாம்டி.”

“சும்மா ஒக்காந்துட்டு வரேன், அவ்வளவுதான்.”

“சும்மா ஒக்கார நாப்பது கிலோமீட்டரா? டிபார்ட்மெண்ட் வராந்தாவுலயே பெஞ்சு கெடக்கே.”



அக்டோபர் 5, ஞாயிறு

காலை ஒன்பதரை மணிக்கு. ஆனால் இராப்போஜனம் என்கிறார்கள்.

ஞானஸ்நானம் பெற்றவர்கள் வரிசையாக முன்னே போய், பீடத்தைச் சுற்றி மண்டியிட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொள்கிறார்கள். பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. கடைசியில் நானும், தூங்கும் இரண்டு குழந்தைகளும், ஒரு ஹெல்மெட்டும்.

வெளியாள் என்றால் வெளியிலேயே இருந்துவிடலாம். உள்ளே இருந்துகொண்டு வெளியே இருப்பது கஷ்டம்.

போதகர் பெயர் வேதமாணிக்கம். ஐம்பது வயதிருக்கும். இங்கே போதகரை ஐயர் என்கிறார்கள். அப்பாவின் காதில் விழ வேண்டும், “நாம வெரட்டுன வார்த்த அங்க போயி ஒளிஞ்சிருக்கா?” என்று கேட்பார்.

வாசலில் கைகுலுக்கினார். “தண்ணி வந்துச்சாம்மா?”

“இருபத்திரண்டு சென்டிமீட்டர் ஐயா.”

வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

அக்டோபர் 6, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு. பல்கலைக்கழகக் கருத்தரங்கு, மதியச் சாப்பாட்டு வரிசை. டெல்லியிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர் என் கட்டுரையைப் பாராட்டிக்கொண்டிருந்தார். மர நிழலில் அம்மா வந்து நின்றாள். முன்கூட்டிச் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருந்தாள். களையெடுப்புக்குக் கட்டும் பழைய புடவை. கையில் துணிப்பை. பையிலிருந்து கருவாட்டு வாசனை. எனக்குக் கருவாடு பிடிக்கும் என்று.

பேராசிரியை கேட்டார், யார் என்று. ஆங்கிலத்தில்.

நான் சொன்னேன்: எங்கள் வயலில் வேலை பார்க்கிறவர்கள்.

தமிழிலும் சொன்னேன். பக்கத்தில் நின்ற மாணவர்கள் கேட்பதற்காக. அம்மாவும் கேட்டாள்.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பையை நீட்டினாள். “ஐயா குடுத்துவுடச் சொன்னாங்க. நான் வரேங்க” என்றாள்.

வரேங்க. எனக்கு. அவள் பெற்ற எனக்கு.

அப்புறம் அதைப் பற்றி அவளும் பேசவில்லை. நானும்.

இதைப் பண்ணையார் செய்யவில்லை. சாதி செய்தது என்று ஒரு கட்டுரையே எழுதலாம், எழுதவும் எனக்குத் தெரியும். அடிக்குறிப்புகளோடு. ஆனால் வாயைத் திறந்தது நான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்கள் வீட்டில் இல்லை. அப்பா கூட்டத்துக்குப் போனார். அம்மா யாருக்கும் தெரியாமல் நான்கு அதிரசம் சுட்டாள். நான் இரண்டு தின்றேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

எல்லோரும் போன பிறகு நின்றேன். போதகர் சர்ச் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“ஏன் ஐயா என்னைக் கூப்பிடவே இல்ல?”

“எதுக்கும்மா?”

“முன்னாடி வர. சேர.”

பூட்டை இழுத்துப் பார்த்தார். “நான் கூப்பிட்டா, ஐயரு ஆச காட்டி இழுத்துட்டாருன்னு பேரு வரும். உங்கப்பா பகலவனப் பத்தி எனக்கும் தெரியும். அதுகூடக் கெடக்கட்டும். கூப்பிடுறது நான் இல்லையேம்மா. நானும் கூப்பிட்டு வந்தவன்தான். கொஞ்சம் முன்னாடி வந்து ஒக்காந்துருக்கேன், அவ்ளோதான்.”

திரும்பும் வழியில் கோபமாக இருந்தது. எங்கள் பக்கம் அழைப்பு என்றால் வீடு தேடி வர வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகை. ஆணும் பெண்ணுமாக இருவர் வந்து, பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தெருவில் பார்த்து “வந்துடுங்க” என்று சொல்வது அழைப்பாகாது. அப்படிக் கூப்பிட்ட கல்யாணத்துக்கு அப்பா போனதே இல்லை. தாத்தாவைப் பண்ணை வீட்டில் யாரும் தட்டு வைத்து அழைத்ததில்லை. ஆள் விட்டுச் சொல்வார்கள். கொல்லைப்புறம் வந்து எச்சில் இலை எடுக்க.

என் உடம்பில் அதுதான் இருக்கிறது. தட்டோடு யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை என்றால் நான் வேண்டாதவள் என்று அர்த்தம்.

சுமையாவிடம் ஃபோனில் புலம்பினேன்.

“மூணு மாசமா ஞாயித்துக்கெழம ஆனா வண்டிய எடுத்துக்கிட்டு ஓடுற. கூப்பிடலன்னா எப்புடிடி ஓடுவ?”

மூன்று மாதம் இல்லை, ஆறு வாரம் என்று திருத்தினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கோடையில் எழுதிய தேர்வின் முடிவு வந்துவிட்டது. அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர், புவியியல். தேறியிருக்கிறேன். எஸ்சி பிரிவில் மேலே இருக்கிறேன். இனி சான்றிதழ் சரிபார்ப்பு, அதன்பின் பட்டியல்.

அப்பா டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னாராம். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே என் முன்னால் உட்கார்ந்தார்.

“ஒந்தாத்தன் கவுருமெண்டு காலேஜு கட்டுறப்ப கல்லு சொமந்தான். நீ நாற்காலியில ஒக்காரப் போற.”

இன்று சர்ச்சுக்குப் போகவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வீரையன் மதகின் திருகாணிக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை. ஆகவே வீரையன்.

“அண்ணே, எது ஒங்க நெசப் பேரு?”

“சம்பளம் வாங்குறவன் வீரையன். சாவப் போறவன் இம்மானுவேல்.”

“கஷ்டமா இல்லையா?”

“மொதல்ல இருந்துச்சு. இப்ப சட்ட மாத்துற மாதிரிதான். எங்கப்பனும் அப்படித்தான் இருந்துட்டுப் போச்சு. இங்க பாதிப் பேருக்கு ரெண்டு பேரு தங்கச்சி. கோயிலுக்கு ஒண்ணு, தாலுகா ஆபீசுக்கு ஒண்ணு.” கையைத் துடைத்துக்கொண்டார். “மூத்தவ நர்சிங் படிக்கிறா. அந்த சீட்டு வீரையன் மவளுக்குக் கெடச்சது. இம்மானுவேல் மவளுக்கில்ல. நான் யார ஏமாத்துறேன்? சேரியிலதானே இருக்கேன்? ஞானஸ்நானம் எடுத்தன்னிக்கு எனக்கு யாராச்சும் மேலத்தெருவுல வீட்டு மன குடுத்தானா?”

“இல்லண்ணே.”

“நீயும் ஒரு பேரு வச்சுக்க. எஸ்தர்னு வச்சுக்க. அழகா இருக்கும். வெளியில யாருக்குத் தெரியப் போவுது?”

கிறிஸ்தவரானால் சாதி போய்விடும் என்று சட்டம் நம்புகிறது; எஸ்சி சான்றிதழையும் எடுத்துக்கொள்கிறது. சட்டத்துக்கு இருக்கும் விசுவாசம் இந்தச் சபைக்குக்கூட இல்லை. இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு இன்றும் இரண்டு வாசல்.

வீரையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தன் பிள்ளைகளுக்காக மறைக்கிறார். நான் மறைத்தால் யாருக்காக?

எனக்கு மறைத்துப் பழக்கம் உண்டு. ஒருமுறை மறைத்துப் பார்த்திருக்கிறேன். மர நிழலில்.

நவம்பர் 29, சனி

நான்கு நாள் மழை. சம்பா முழுகியிருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

டிசம்பர் 14, ஞாயிறு

தண்ணீர் வடிந்துவிட்டது. பயிர் பாதி தேறும் என்கிறார் அப்பா.

பிரசங்கம், விருந்துக்கு அழைக்கப்பட்டவர்களைப் பற்றி. எல்லாம் தயார், வாருங்கள் என்று ஆள் அனுப்புகிறார் வீட்டுக்காரர். ஒருவன் நிலம் வாங்கியிருக்கிறான், அதைப் பார்க்கப் போக வேண்டும். ஒருவனுக்கு மாடு. ஒருவனுக்குக் கல்யாணம். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லோரும் மன்னிக்கச் சொல்கிறார்கள். மரியாதையாக.

எனக்குச் சரிபார்ப்பு.

போதகர் இன்னொன்று சொன்னார், போகிற போக்கில். வராதவர்களின் இடத்துக்குத் தெருவிலும் வேலியோரத்திலும் இருந்தவர்கள் உள்ளே அழைத்துவரப்பட்டார்களே, அவர்கள் கொல்லைப்புறமாக வரவில்லையாம். அதே பந்தி. அதே இலை.

வீட்டுக்கு வரும்வரை அந்தக் கடைசி வரி. காரைக்கால் டிராஃபிக்கில் நிற்கும்போதும்.

டிசம்பர் 31, புதன்

ஜெபிக்கத் தெரியவில்லை. எனக்குப் பழக்கமான மொழிநடை எதிலும் அது உட்காரவில்லை. “நான் இங்கே இருக்கிறேன்” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “நான் அதைச் செய்தேன்” என்றேன்.

பதில் வரவில்லை. ஆனால் காலியான அறையில் பேசுவது போலவும் இல்லை. காலியான அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். அம்மா வாய்க்கால் படியில் பானை துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்தேன்.

“யம்மா. யுனிவர்சிட்டிக்கு ஒருநா கருவாடு கொண்டாந்தியே.”

“ம்.”

“அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது…”

வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டேன். இருபத்தேழு வயது, முனைவர் பட்ட ஆய்வாளர், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறேன்.

அம்மா சாம்பலைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“அதுக்குத்தான் மூணு வருசமா மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்குறியா? நான் என்னமோ நீ யாரையோ இழுத்துக்கிட்டு ஓடப் போறன்னுல்ல நெனச்சேன்.”

“ஒனக்குக் கோவமே இல்லையாம்மா?”

“இல்லாம? பஸ்ஸுல மன்னார்குடி வர்ற வரைக்கும் ஒன்ன வாய்க்கு வந்தபடி வைஞ்சுக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி பயந்துட்டா.”

“அப்பறம் ஏன் ‘வரேங்க’ன்ன?”

நிமிர்ந்தாள். இதைக்கூடவா கேட்பாய் என்பது போல.

“பின்ன? நீ ஒண்ணு சொல்லிப்புட்ட. நான் ‘அடியே’ன்னு கூப்புட்டா அத்தன பேரு முன்னாடி நீ பொய்க்காரி ஆயிருப்ப. அதான் வேலக்காரியாவே போயிட்டேன். பானைய அலசு. பேசிக்கிட்டே இருக்காத.”

அலசினேன்.

என் பொய்யைத் தலையில் வாங்கிக்கொண்டு அம்மா பஸ் ஏறியிருக்கிறாள். நான் பொய்க்காரி ஆகாமல் இருக்க அவள் வேலைக்காரி ஆனாள். நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சிலுவையைப் பற்றி நான்கு மாதமாக எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். ஒருவர் செய்ததை இன்னொருவர் எப்படிச் சுமக்க முடியும்? அது நியாயமா? தர்க்கப்படி நிற்குமா? நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்.

இனி அந்தக் கேள்வி எனக்கு இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம். அதற்கு முன் சரிபார்ப்பில் எஸ்சி கோரிக்கையைத் திரும்பப் பெறப் போகிறேன்.

முதலில் சிரித்தார். கேலி என்று நினைத்தார்.

“சாமி கும்புடணுமா, கும்புட்டுக்க. மனசுக்குள்ள வச்சுக்க. எவன் கேக்கப் போறான்? சர்டிபிகேட்டத் தொடாத.”

“மறச்சு வச்சுக்கச் சொல்றீங்களாப்பா?”

“அது பிச்சயில்ல எழிலு. நாங்க அடி வாங்கி வாங்குனது.”

“தெரியும்ப்பா.”

“என்ன தெரியும்? எங்கப்பன் பண்ண வாசல்ல முட்டி போட்டத இந்தக் கண்ணால பாத்துருக்கேன். இனிமே நம்ம வீட்டுல ஒரு முட்டியும் தரையில படக் கூடாதுன்னுதான் ஒனக்குத் தமிழுல பேரு வச்சேன், படிக்க வச்சேன். நீ போயி முட்டி போடுறேங்குற.”

“அங்க எல்லாரும் போடுறாங்கப்பா. ஐயரும் போடுறாரு. யாரும் நின்னுக்கிட்டுப் பாக்கல.”

“மனசுக்குள்ள கும்புடுறதுல ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

அப்போது கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ?

“நீங்க கறுப்புச் சட்டைய மனசுக்குள்ளயா போட்டீங்க?”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 25, ஞாயிறு

பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுகிறார்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எல்லோரும் என் நல்லதுக்குச் சொல்கிறார்கள். போதகர்கூட.

“பத்தாம் தேதி சரிபார்ப்பு முடியட்டும்மா. வேலையில சேர்ந்துக்குங்க. அப்பறம் நிதானமா எடுத்துக்கலாம். ஆண்டவர் அவசரப்பட மாட்டார்.”

“அவசரம் எனக்குத்தான் ஐயா.”

“சட்டப்படி பத்தாம் தேதி நீங்க இன்னும் கிறிஸ்தவரில்ல. பொய் சொன்னதா ஆகாது.”

ஆகாது. ஒரு நொடி அவ்வளவு நிம்மதியாக இருந்தது. தேதி எவ்வளவு நல்ல ஒளிவிடம்.

ஆனால் நான் யார் என்று எனக்குத் தெரிந்த பிறகு, யாராவது கேட்டால், வேறொன்றைச் சொல்வது… அதைச் செய்திருக்கிறேன். மறுபடி முடியாது. சரி தவறு பேசவில்லை. முடியாது, அவ்வளவுதான்.

நோட்டைத் திறந்தார். “ஞானஸ்நானப் பேரு என்ன எழுத?”

“எழில்மொழி.”

“அது இருக்கட்டும்மா. புதுப் பேரு?”

“எழில்மொழி. ரெண்டு பேரு வேண்டாம் ஐயா.”

வாசலில் வீரையன். வெள்ளைச் சட்டை. காதில் விழுந்திருக்க வேண்டும். பார்வையைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் ஒற்றைப் பெயர் அவரைக் காட்டிக்கொடுப்பது போல. அவரிடம் போய், “நான் யாருகிட்டயும் எதையும் சொல்ல மாட்டேண்ணே” என்றேன்.

“தெரியும் தங்கச்சி. நான் ஒன்னப் பாத்துப் பயப்படல.” சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். “இருந்தாலும் பயமா இருக்கு.”

பிப்ரவரி 10, செவ்வாய்

சென்னை. நீளமான அறை, பதினாறு மேசை. என் மேசையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா.

“மதம் மாறியாச்சா?”

“இல்ல மேடம். ஏப்ரல்ல.”

“அப்பறம் என்னம்மா? இன்னைக்கு இந்தச் சான்றிதழ் செல்லுமே.”

“செல்லும் மேடம். ஆனா நான் முடிவு பண்ணிட்டேன்.”

கண்ணாடியைக் கழற்றினார். “வீட்ல தெரியுமா?”

“தெரியும்.”

“பொதுவுலதான் பார்ப்பாங்க. யோசிச்சு எழுதுங்க. எழுதிட்டு நாளைக்கு வந்து திருப்பிக் கேட்டா கிடைக்காது.”

ஆறு வரிகள். பரவசம் எதுவும் இல்லை. தியாகம் செய்கிற உணர்வும் இல்லை. திருடுகிற உணர்வு கொஞ்சம் இருந்தது. அப்பாவின் தலைமுறை வாங்கித் தந்ததை யாரிடமும் கேட்காமல் திருப்பிக் கொடுக்கிறேன். அது எனக்கு மட்டும் சொந்தமா?

தெரியவில்லை. சரியாகச் செய்தேன் என்று பின்னால் சாட்சி சொல்ல ஆசை வரும். அப்போது படிப்பதற்காக: தெரியவில்லை.

கையெழுத்து நன்றாக வந்தது.

மார்ச் 11, புதன்

பட்டியல். நான் இல்லை.

சுமையா பிரியாணி வாங்கி வந்தாள். நோன்பு திறந்து தொழுதுவிட்டு வந்து, “ஒனக்கும் சேர்த்துக் கேட்டேன். உன் ஆளு கோவிச்சுக்க மாட்டாருல்ல?” என்றாள். சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையாகிவிட்டது.

மார்ச் 14, சனி

அப்பா எட்டு வாரத்துக்குப் பிறகு ஒரு சொல் பேசினார். யாரிடமோ சொல்லிக் கணக்குப் பார்த்திருக்கிறார். எஸ்சி பிரிவில் நின்றிருந்தால் எந்த இடம் என்று.

“எட்டாவது.”

அதைச் சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். நான் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முதுகுக்கு நான் என்ன சொல்ல முடியும்?

மார்ச் 22, ஞாயிறு

பின்வாங்கலாமா என்று ஒரு முழு நாள் யோசித்தேன். வேலை போய்விட்டது, இனி அப்பாவாவது மிஞ்சட்டும் என்று.

பின்வாங்கினால் அப்பா சந்தோஷப்பட மாட்டார். அவருக்கு என்னைத் தெரியும். பயந்துவிட்டேன் என்று நினைப்பார். பயந்த பிள்ளையை அவர் வளர்க்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர்.

அம்மா வந்தாள். நான் கூப்பிடவில்லை. காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு ஸ்கூட்டி பக்கத்தில் நின்றாள். வழியெல்லாம் திட்டு: மெதுவாப் போ, பஸ்ஸு வருது பாரு, சாமி கும்புட நம்ம ஊருல எடமே இல்லையா.

நாகூர் தாண்டியதும் கேட்டேன், அப்பா என்ன சொன்னார் என்று.

“ஒண்ணும் சொல்லல. சில்லர இருக்கான்னு கேட்டாரு. தட்டுல போடணுமாமே.”

தொட்டியில் தண்ணீர் ஊற்றியது வீரையன். பித்தளைக் குடத்தைச் சாய்த்தபடி, உதடு அசையாமல், “தண்ணி வுடுறது என் வேலதானே” என்றார். போதகருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மண்டியிட்டேன். என் பெயரைச் சொன்னார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூன்று கை தண்ணீர். வானம் திறக்கவில்லை. காதுக்குள் தண்ணீர் போனது. எழுந்து நின்றபோது, ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டே நடந்த ஒன்றை எங்கே இறக்கினோம் என்று நினைவில்லாமல் கையைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தேன்.

பிறகு பந்தி. இன்று பெஞ்சில் உட்காரவில்லை. எனக்கு வலப்பக்கம் மீன் விற்கிற பெண். இடப்பக்கம் வங்கி மேலாளர். ஒரே கிண்ணம்.

திரும்பி வந்தபோது கடைசி பெஞ்சில் அம்மா தனியாக, நேராக உட்கார்ந்திருந்தாள்.

“என்ன குடுத்தாங்க?”

“கொஞ்சம் அப்பம். ஒரு வாய் ரசம்.”

“இவ்வளவுதானா? இதுக்கா இந்தப் பாடு?”

“இதுக்குத்தாம்மா.”

என் ஈரத் தலையை முந்தானையால் துவட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 17, வெள்ளி

பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைக் கொடுத்துவிட்டு மத்தியானம் ஊருக்கு வந்தேன். வயலில் உளுந்து முற்றி நெற்றாகிவிட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டால் வெடித்துக் கொட்டும்.

அப்பா வாசலில் நின்று ஃபோனில் மருதையனோடு பேசிக்கொண்டிருந்தார். ஆள் கூட்டி வருவது மருதையன்தான். எனக்கு முதுகு காட்டி நின்றார். நான் வந்ததைக் கவனித்தாரா, தெரியவில்லை.

“ஞாயித்துக்கெழம வேணாம்யா. நாளைக்கே வையி… ஆளு கம்மியா இருந்தா இருக்கட்டும், நாங்க மூணு பேரு எறங்குறோம்… ஞாயித்துக்கெழமதான் வேணாங்குறேன்ல?”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அப்பா, பதம் பார்க்கப் பிடுங்கி வந்திருந்த உளுந்துச் செடி ஒன்றைக் காலால் புரட்டினார்.

“எம்பொண்ணு சர்ச்சுக்குப் போவணும்.”

கரண்டு இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார். திரும்பினார். என்னைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார்.

“எத்தன மணிக்கு முடியும்?”

“பத்தரைப்பா.”

“சரி. மத்தியானத்துக்கு மேல மூட்ட கட்டிக்கலாம்.”